சொந்த நாட்டுப் படிப்பும் அனுபவமும் போதுமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே கவலையைச் சொல்கின்றன. வெளிநாட்டில் படித்ததில்லை, அங்கே வேலை பார்த்ததும் இல்லை; பி.ஆர்., அதாவது நிரந்தரமாக வசிக்கும் உரிமை கேட்க எனக்குத் தகுதி உண்டா? நானும் அப்படி வந்தவள்தான். கனடாவுக்கு வரும்போது என்னிடம் இருந்தவை ஒரு வணிகவியல் பட்டமும், கணக்குப் பிரிவில் வேலை பார்த்ததற்கான தாள்களும். உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகர் ஆனது பிறகுதான். ஆஸ்திரேலியா பற்றிய பதிலை, அங்கே பதிவு பெற்ற ஏஜென்டாக இருக்கும் என் தோழியிடம் காட்டிச் சரிபார்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை.

மேடம், எனக்கு வயது 29. இன்னும் திருமணம் ஆகவில்லை. மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் முடித்து ஒரே நிறுவனத்தில் 4 வருடமாக டிசைன் இன்ஜினீயராக இருக்கிறேன். ஐஇஎல்டிஎஸ் ஜெனரலில் லிசனிங் 8, ரீடிங் 7.5, ரைட்டிங் 6.5, ஸ்பீக்கிங் 7. "கனடாவில் படிக்காதவர்களுக்கு இப்போது பி.ஆர். கிடையாது. 2 வருட டிப்ளமா சேருங்கள், லோனும் நாங்களே ஏற்பாடு செய்கிறோம்" என்கிறார்கள் ஒரு ஏஜென்சியில். சேரலாமா?

தம்பி, கையெழுத்துப் போடுவதற்கு முன் நாமே கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். புள்ளி போட்டுப் பி.ஆருக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துக் குழப்பித்தான் பலரைப் பயமுறுத்துகிறார்கள்.

முதல் கணக்கு, உள்ளே நுழையத் தகுதி உண்டா என்பது. ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர் திட்டத்தில் 100-க்கு 67 எடுக்க வேண்டும். உங்கள் பட்டத்துக்கு 21. நான்கு வருட அனுபவத்துக்கு 13. வயதுக்கு முழுதாக 12. ஆங்கிலத்தில் மூன்று பிரிவுகளுக்கு ஆறு ஆறாக 18, ரைட்டிங்குக்கு 5. மொத்தம் 69. அதாவது உங்கள் கல்லூரிப் பட்டத்தையும் உங்கள் நிறுவனத்து வேலையையும் மட்டும் வைத்தே நீங்கள் தகுதி பெறுகிறீர்கள். கனடாவில் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இந்தத் திட்டத்தில் கிடையாது. அனுபவமும் கடந்த 10 வருடங்களுக்குள், ஒரே தொழிலில், தொடர்ச்சியாக ஒரு வருடம் முழுநேரம் இருந்தால் போதும். எந்த நாட்டில் என்று கேட்பதில்லை.

இரண்டாவது கணக்கு சி.ஆர்.எஸ்., அதாவது வரிசையில் உங்கள் இடம் எது என்பது. இது 1,200 புள்ளிக்கு. உங்கள் வயதுக்கு 110, பட்டத்துக்கு 120, ஆங்கிலத்துக்கு 116. படிப்பும் அனுபவமும் ஆங்கிலத்தோடு சேரும்போது கிடைக்கும் கூடுதல் புள்ளி 38. கூட்டினால் 384.

இப்போது ரைட்டிங்கில் 6.5-க்குப் பதில் 7 வந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். நான்கு பிரிவிலும், கனடாவின் மொழித்திறன் அளவுகோலான சி.எல்.பி-யில் 9 என்ற நிலையைத் தொட்டுவிடுகிறீர்கள். ஆங்கிலம் 116-லிருந்து 124 ஆகிறது. அது சின்ன ஏற்றம்தான். ஆனால் அந்தக் கூடுதல் புள்ளி 38-லிருந்து 75-க்குத் தாவுகிறது. மொத்தம் 429. அரை பேண்டுக்கு 45 புள்ளி! நான்கில் ஒன்று குறைந்தாலும் இந்தத் தாவல் கிடையாது, அதனால்தான் மூன்றில் நன்றாக எடுத்தும் நீங்கள் 384-லேயே நிற்கிறீர்கள். எழுதும் கட்டுரையைத் திருத்திக் கொடுக்கும் ஒரு நல்ல ஆசிரியரைப் பிடித்து, ரைட்டிங்கை மட்டும் மனத்தில் வைத்துப் பயிற்சி செய்யுங்கள். மறுபடி எழுதும்போது லிசனிங் 8-க்குக் கீழே போகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். மற்ற மூன்றுக்கும் 7 போதும், லிசனிங்குக்கு மட்டும் 8 வேண்டும்.

சரி, 429 வந்தால் பி.ஆருக்கு விண்ணப்பிக்க அழைப்பு வந்துவிடுமா? அப்படிச் சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். 2025-ல் நடந்த அழைப்புச் சுற்றுகள் எல்லாமே மாகாண நியமனம், கனடா அனுபவம், பிரெஞ்சு, குறிப்பிட்ட தொழில்கள் என்று பிரித்தே நடந்தன. கனடா அனுபவம் உள்ளவர்களுக்கான சுற்றுகள் 500-க்கு மேலேயே நின்றன. ஏஜென்சி சொன்னதில் உண்மை இருப்பது இந்த ஒரு இடத்தில்தான். ஆனால் அதிலிருந்து "டிப்ளமா சேருங்கள்" என்பதற்குத் தாவுவது சரியில்லை.

ஏனென்றால் கனடாவில் 2 வருடம் படித்ததற்கென்று தனியாகத் தருவது 15 புள்ளி. இரண்டு வருடம் படித்து, ஒரு வருடம் வேலை பார்த்து நிமிரும்போது உங்களுக்கு 32 ஆகியிருக்கும். வயதுப் புள்ளி 110-லிருந்து 94-க்கு இறங்கியிருக்கும். படிப்பு கொடுத்த 15-ஐ வயது கொண்டுபோய்விட்டது. அங்கே பார்க்கும் ஒரு வருட வேலைக்கு 40 புள்ளி உண்டு, அதையொட்டி வேறு சில புள்ளிகளும் சேரும், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த வேலைக்கு வொர்க் பெர்மிட் வேண்டும். 2024 நவம்பர் 1 முதல், கல்லூரி டிப்ளமா படித்தவர்களுக்கு அந்தப் பெர்மிட் கிடைக்க வேண்டுமானால் படிப்பு குறிப்பிட்ட துறைகளுக்குள் இருக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. அந்த டிப்ளமா எந்தத் துறை, அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று ஏஜென்சியில் கேட்டீர்களா? படிக்கவேண்டும் என்ற ஆசையால் படியுங்கள், மனமார வாழ்த்துகிறேன். உங்கள் பட்டம் செல்லாது என்று யாரோ சொன்னதற்காகக் கடன் வாங்காதீர்கள்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடிய வழிகள் இரண்டு. ஒன்று, மாகாண நியமனம். ஒரு மாகாணம் உங்களைத் தேர்ந்தெடுத்தால் 600 புள்ளி சேரும், அதன்பின் கட்-ஆஃப் பற்றிக் கவலையே இல்லை. ஒவ்வொரு மாகாணமும் தனக்கு வேண்டிய தொழில்களைத் தனித்தனியாக அறிவிக்கிறது, அடிக்கடி மாற்றவும் செய்கிறது. அந்த அறிவிப்புகளை மாதம் ஒருமுறையாவது நீங்களே பாருங்கள். கியூபெக் மட்டும் தனி. அதன் தேர்வுமுறை எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு வெளியே இருக்கிறது.

இன்னொன்று பிரெஞ்சு. சிரிக்காதீர்கள், நிஜமாகச் சொல்கிறேன். நான்கு பிரிவிலும் 7-ஆம் நிலையைத் தொட்டால் இரண்டாம் மொழிக்கு 12 புள்ளி, அதற்கு மேல் ஊக்கமாக 50 புள்ளி. உங்கள் 429 அப்போது 491. அதைவிட முக்கியம், பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்று தனிச் சுற்று நடக்கிறது. 2025 மார்ச்சில் அப்படி ஒரு சுற்றின் கட்-ஆஃப் 379. உங்கள் இன்றைய 384-ஐவிட அது குறைவு! பிரெஞ்சை அந்த அளவுக்குப் படிக்கக் காலம் பிடிக்கும், தினமும் உட்கார வேண்டும். ஆனால் வேலையை விடாமல், லோன் வாங்காமல், வீட்டிலிருந்தே செய்யக்கூடியது. 29 வயதில் இந்த முயற்சிக்கு உங்களுக்கு அவகாசம் இருக்கிறது.

நான் அக்கவுன்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவாக 6 வருடம் வேலை பார்த்திருக்கிறேன். இப்போதைய நிறுவனத்தில் ஹெச்.ஆர். "பதவியும் தேதியும் மட்டும்தான் எழுதித் தருவோம், வேலை விவரம் எழுத கம்பெனி பாலிசி இடம் தராது" என்கிறார். இதற்கு முன் 2 வருடம் இருந்த நிறுவனம் மூடிவிட்டது. என் அனுபவத்தை எப்படி நிரூபிப்பது?

அம்மா, உங்கள் கடிதத்தைத்தான் நான் ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தேன். சொந்த நாட்டு அனுபவம் செல்லாமல் போவது பெரும்பாலும் இங்கேதான். அந்த அனுபவம் குறைந்தது என்று யாரும் சொல்வதில்லை. நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எந்தத் தாளும் சொல்லாததால்தான் அது விழுந்துபோகிறது.

கனடா அதிகாரிக்கு உங்கள் பதவிப் பெயர் ஒரு பொருட்டே அல்ல. "எக்ஸிக்யூட்டிவ்" என்றால் ஒரு இடத்தில் பில் பதிவு செய்பவர், இன்னொரு இடத்தில் வருடக் கணக்கையே முடித்துக் கொடுப்பவர். அவர் பார்ப்பது உங்கள் அன்றாட வேலைகளை. அவற்றை வைத்துத்தான் என்.ஓ.சி. என்னும் தொழில் குறியீட்டில் நீங்கள் எங்கே வருகிறீர்கள் என்று முடிவு செய்கிறார். உங்கள் துறையிலேயே இது எவ்வளவு தூரம் போகும் என்று பாருங்கள். கணக்காளர், தணிக்கையாளர் என்றால் 11100. புத்தகக் கணக்கு எழுதுபவர், அக்கவுன்டிங் டெக்னீஷியன் என்றால் 12200. இரண்டும் தகுதி பெறும். அக்கவுன்டிங் கிளார்க் என்றால் 14200. மேலே தம்பிக்குச் சொன்ன ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர் திட்டம் 0 முதல் 3 வரையான டீர் நிலைகளையே ஏற்கும். ஒரு வேலைக்கு எவ்வளவு படிப்பும் பயிற்சியும் தேவை என்பதைக் காட்டுவது டீர். குறியீட்டின் இரண்டாவது இலக்கம்தான் டீர் நிலை. 14200 நான்காம் நிலை, ஆகவே வெளியே. ஒரே மேஜையில் உட்கார்ந்து வேலை பார்த்த இரண்டு பேரில், கடிதம் எழுதப்பட்ட விதத்தால் ஒருவர் உள்ளேயும் ஒருவர் வெளியேயும் ஆகிவிடலாம்.

ஆகவே கடிதத்தில் இருக்க வேண்டியவை: நிறுவனத்தின் லெட்டர்ஹெட், அதில் முகவரி, போன், மின்னஞ்சல், உங்கள் பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுச் சம்பளமும் இதர பலன்களும், என்னென்ன வேலை செய்தீர்கள், எழுதியவரின் பெயர், பதவி, கையெழுத்து. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதைத்தான் நம் ஆட்கள் மறந்தே போவார்கள். முழுநேரம் என்பதை வாரம் 30 மணி, வருடத்துக்கு 1,560 மணி என்று கணக்கு வைத்திருப்பதால் அந்த ஒரு வரி கட்டாயம் வேண்டும்.

ஹெச்.ஆர். மறுத்தால் என்ன செய்வது? நான் வேலை பார்த்த இடத்திலும் இதே பதில்தான் வந்தது. ஹெச்.ஆரோடு வாதாடுவதை விட்டுவிட்டு, என் வேலையைத் தினமும் பார்த்த மேலாளரிடம் போனேன். அவர் தன் பெயரில், நான் யாருக்குக் கீழே என்னென்ன செய்தேன் என்று விளக்கமாக எழுதி, தன் விசிட்டிங் கார்டை இணைத்துக் கையெழுத்திட்டார். ஹெச்.ஆர். தந்த ஒற்றை வரிக் கடிதத்தோடு இதையும் வைத்தேன். ஒன்று நான் அங்கே இருந்ததைச் சொன்னது, மற்றது அங்கே என்ன செய்தேன் என்பதைச் சொன்னது. நீங்களும் இப்படியே செய்யுங்கள். இவற்றோடு நியமன உத்தரவு, சம்பள உயர்வுக் கடிதங்கள், சம்பளச் சீட்டுகள், சம்பளம் வரவு வைக்கப்பட்ட வங்கிக் கணக்குப் பக்கங்கள், வருமான வரித் தாள்கள், வருங்கால வைப்பு நிதிப் பதிவு என்று கிடைப்பதையெல்லாம் சேருங்கள். முழு விவரக் கடிதம் கேட்டு ஹெச்.ஆருக்கு மின்னஞ்சல் அனுப்பி, அவர்கள் மறுத்த பதிலையும் வையுங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டால் அதற்குச் சாட்சி இல்லை. கடைசியாக, ஏன் இப்படி இரண்டு கடிதங்கள் என்று விளக்கி நீங்களே ஒரு பக்கம் எழுதுங்கள்.

மூடிய நிறுவனத்துக்கும் வழி இதுவே. அங்கே உங்களுக்கு மேலாளராக இருந்தவர் இப்போது வேறெங்கோ இருப்பார். தேடிப் பிடியுங்கள். நிறுவனம் மூடப்பட்டதற்கான பொதுப்பதிவு ஏதாவது கிடைத்தால் அதையும் இணையுங்கள். உங்கள் நிலையில் இன்னொரு ஆறுதலும் உண்டு. சி.ஆர்.எஸ்-ஸில் வெளிநாட்டு அனுபவத்துக்கான புள்ளி 3 வருடத்தோடு உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. மூடிய நிறுவனத்தின் 2 வருடத்துக்குச் சான்றே கிடைக்காவிட்டாலும், இப்போதைய இடத்தின் 4 வருடத்தைப் பலமாகக் காட்டினால் அங்கே ஒன்றும் குறையாது. 67 புள்ளிக் கணக்கில் மட்டும் 15-க்குப் பதில் 13 வரும்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். என்.ஓ.சி. பக்கத்தில் இருக்கும் வேலைப் பட்டியலை அப்படியே நகலெடுத்து லெட்டர்ஹெட்டில் ஒட்டிக் கையெழுத்து வாங்கிவிடாதீர்கள். வார்த்தைக்கு வார்த்தை ஒத்துப்போனால் அதிகாரிக்குச் சந்தேகம் வரும். நீங்கள் பயன்படுத்திய மென்பொருள், முடித்துக் கொடுத்த அறிக்கை, கையாண்ட வரித் தாக்கல் என்று உங்கள் மேஜையில் நடந்ததை எழுதச் சொல்லுங்கள். இந்த வேலையை இன்றே தொடங்குங்கள். அழைப்பு வந்தபின் விண்ணப்பிக்க 60 நாள்தான், அதற்குள் ஒரு பழைய மேலாளரைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிதல்ல.

என் டிகிரி 3 வருடம். அதன்பின் 2 வருடம் மாஸ்டர்ஸ். கனடாவில் இதை எப்படி எடுத்துக்கொள்வார்கள்?

அதை முடிவு செய்வது இ.சி.ஏ. என்னும் கல்வி மதிப்பீட்டு அறிக்கை. டபிள்யூ.இ.எஸ்., ஐக்யூஏஎஸ், டொரன்டோ பல்கலைக்கழகத்தின் சி.இ.எஸ். போன்ற அமைப்புகள் தருகின்றன. டாக்டர்களுக்கும் பார்மசிஸ்டுகளுக்கும் அந்தந்தத் தொழிலுக்கான தனி அமைப்புகள் உண்டு. பொதுவாக உங்கள் உயர்ந்த பட்டத்தை மட்டும் மதிப்பிட்டால் போதும். மாஸ்டர்ஸ் என்று வந்துவிட்டால் தனியாளுக்கு 135 புள்ளி. உங்கள் மாஸ்டர்ஸ் கனடாவின் மாஸ்டர்ஸுக்குச் சமம் என்று வராமல் போனால், "இரண்டு பட்டங்கள்" என்ற கணக்கில் 128 கிடைக்க வாய்ப்புண்டு. அதற்கு இரண்டையும் மதிப்பீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். ஆகவே ஆரம்பத்திலேயே இரண்டையும் அனுப்புங்கள். டிரான்ஸ்கிரிப்டைப் பெரும்பாலும் பல்கலைக்கழகமே நேரடியாக அனுப்ப வேண்டியிருக்கும், அதற்குத்தான் நேரம் பிடிக்கும். அறிக்கை 5 வருடம் செல்லும், சீக்கிரம் எடுத்தால் நஷ்டமில்லை.

என் கணவருக்கு 41, சிவில் இன்ஜினீயர், 15 வருட அனுபவம். எனக்கு 33, பி.எஸ்ஸி. நர்சிங், 8 வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். அவர் பெயரில் விண்ணப்பம் போடுவது என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறோம். சரியா அக்கா?

இதைக் கேட்டீர்களே, நல்லது. விண்ணப்பம் உங்கள் பெயரில் இருக்கட்டும். கணவன் மனைவியில் யார் வேண்டுமானாலும் முதன்மை விண்ணப்பதாரராக இருக்கலாம், சட்டம் எதுவும் தடுக்கவில்லை. வீட்டுக்குப் பெரியவர் அவர் என்பதற்காக அவர் பெயரில் போட்டுப் புள்ளியை இழந்த குடும்பங்கள் எத்தனையோ.

துணையோடு விண்ணப்பிப்பவருக்கு 33 வயதில் 80 புள்ளி. 41 வயதில் 35. இங்கேயே 45 புள்ளி வித்தியாசம். அவருடைய 15 வருடத்துக்கும் உங்கள் 8 வருடத்துக்கும் சி.ஆர்.எஸ்-ஸில் ஒரே மதிப்புதான், 3 வருடத்துக்கு மேல் எவ்வளவு இருந்தாலும் ஒன்றே. அதோடு மருத்துவத் துறையினருக்கென்று தனிச் சுற்றுகள் நடக்கின்றன. அதற்கான நர்சிங் அனுபவம் கனடாவில் கிடைத்ததாக இருக்க வேண்டியதில்லை. உங்கள் மருத்துவமனை அனுபவமே செல்லும். கணவரும் ஆங்கிலத் தேர்வு எழுதி, அவர் பட்டத்தையும் மதிப்பிட்டுவிட்டால் துணைக்கான புள்ளிகளும் உங்கள் கணக்கில் சேரும்.

ஆனால் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். பி.ஆர். கிடைப்பது வேறு, நர்ஸாக வேலை செய்ய உரிமம் கிடைப்பது வேறு. உரிமத்தைத் தருவது அந்தந்த மாகாணத்தின் நர்சிங் ஒழுங்குமுறை அமைப்பு. எந்த மாகாணத்துக்குப் போக நினைக்கிறீர்களோ அங்கே என்ன கேட்கிறார்கள் என்று பார்த்து, உங்கள் கல்லூரியிலிருந்தும் நர்சிங் கவுன்சிலிலிருந்தும் போக வேண்டிய தாள்களைப் பி.ஆர். வேலையோடு சேர்த்தே தொடங்கிவிடுங்கள். போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள், படித்த வேலையைத் தொட முடியாமல் வருடக்கணக்கில் வேறு வேலை பார்ப்பதை நான் இங்கே பார்க்கிறேன். மனசு கேட்கவில்லை, அதனால் சொல்கிறேன். கணவருக்கும் இதே சேதிதான்: இன்ஜினீயர் என்ற பெயரோடு அங்கே இயங்க மாகாணத்தின் உரிமம் தேவை.

எனக்கு 31 வயது, திருமணம் ஆகவில்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம், 7 வருடம் டெவலப்பர். ஆஸ்திரேலியா போக 65 புள்ளி போதும் என்கிறார்கள். எனக்கு எவ்வளவு வரும்?

65 என்பது விண்ணப்பிக்கக் குறைந்தபட்சம். அழைப்பு அதற்கு மேலே இருப்பவர்களுக்குத்தான் முதலில் போகும். ஆஸ்திரேலியாவில் முதல் படி, உங்கள் தொழிலுக்கான அமைப்பு உங்கள் திறனை மதிப்பிடுவது. கம்ப்யூட்டர் துறைக்கு அது ஏ.சி.எஸ். இங்கே ஒரு கழித்தல் இருக்கிறது. பட்டமும் வேலையும் ஒரே துறையில் நெருக்கமாக இருந்தால், பெரும்பாலும் முதல் 2 வருட அனுபவத்தை நீங்கள் தேர்ச்சி பெற்ற காலமாக எடுத்துக்கொண்டு, மிச்சத்துக்குத்தான் புள்ளி தருவார்கள். உங்கள் 7 அப்போது 5 ஆகும். பட்டம் வேறு துறையாக இருந்தால் கழிவு இன்னும் அதிகம்.

ஐந்து வருடத்துக்கு 10. வயதுக்கு 30. பட்டத்துக்கு 15. தனியாளாக இருப்பதற்கு 10. ஐஇஎல்டிஎஸ்-ஸில் ஒவ்வொரு பிரிவிலும் 7 எடுத்தால் 10, எட்டு எடுத்தால் 20. ஆக 75 அல்லது 85. 190 என்ற மாநில நியமன விசாவில் இன்னும் 5 சேரும். சிட்னி, மெல்பர்ன், பிரிஸ்பேன் பெருநகரங்களை விட்டு வெளியே வாழச் சம்மதம் என்றால் 491 விசாவில் 15 சேரும். அது முதலில் தற்காலிக விசா. உங்கள் 33-ஆம் பிறந்தநாளில் வயதுப் புள்ளி 30-லிருந்து 25 ஆகிவிடும், அதை மனத்தில் வையுங்கள்.

அப்புறம், தமிழ் உங்களுக்கு 5 புள்ளி தரும்! ஆஸ்திரேலியாவில் மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்று தரும் 'நாட்டி' (NAATI) என்ற அமைப்பு நடத்தும் சி.சி.எல். தேர்வில் தமிழும் இருக்கிறது. இரண்டு உரையாடல்களைக் கேட்டு ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் வாய்மொழியாகச் சொல்ல வேண்டும். 90-க்கு 63 தேர்ச்சி, ஒவ்வொரு உரையாடலிலும் 45-க்கு 29-ஆவது வேண்டும். மருத்துவமனை, வங்கி, பள்ளி என்று அன்றாட விஷயங்கள்தான் வரும். வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவருக்கு இது கைக்கெட்டும் புள்ளி, ஆனால் "இன்ஷூரன்ஸ் பிரீமியம்", "சட்ட உதவி" மாதிரிச் சொற்களைத் தடுமாறாமல் மாற்றிச் சொல்லப் பழக வேண்டும்.

உங்களைப் போலவே எழுதிய ஒரு சிவில் இன்ஜினீயருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இன்ஜினீயர்களை மதிப்பிடுவது இன்ஜினீயர்ஸ் ஆஸ்திரேலியா. இன்ஜினீயரிங் படிப்புகளை நாடுகள் ஒன்றுக்கொன்று அங்கீகரிக்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியாவும் இலங்கையும் 2014 முதல் முழு உறுப்பினர்கள். உங்கள் கல்லூரியில், உங்கள் பாடப்பிரிவுக்கு, நீங்கள் படித்து முடித்த வருடத்தில் அந்த அங்கீகாரம் இருந்ததா என்று பாருங்கள். இருந்தால் வழி சுலபம். இல்லையென்றால் சி.டி.ஆர். என்னும் அறிக்கை எழுத வேண்டும். அதில் நீங்கள் செய்த வேலைகளைப் பற்றி மூன்று கட்டுரைகள். அவற்றை விலைக்கு வாங்காதீர்கள். அடுத்தவர் எழுதியதை அவர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

எனக்கு 46 ஆகிறது. இனி வழி இருக்கிறதா?

ஆஸ்திரேலியாவின் 189 (நியமனம் தேவைப்படாதது), 190, 491 விசாக்களுக்கு அழைப்பு வரும்போது 45 நிறைந்திருக்கக் கூடாது. ஆகவே அந்த மூன்றும் இல்லை. கனடாவில் வயது வரம்பு கிடையாது, ஆனால் சி.ஆர்.எஸ்-ஸில் 45-லிருந்து வயதுக்கு 0. மாகாண நியமனமோ நல்ல பிரெஞ்சோ இல்லாமல் எட்டிப்பிடிப்பது கடினம். உங்கள் மனைவி இளையவர் என்றால் மேலே நர்ஸ் சகோதரிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கனடாவுக்குக் காட்ட வேண்டிய பணத்துக்கு வீட்டை அடமானம் வைக்கலாமா?

வேண்டாம். கடனாக வாங்கிய பணத்தை அவர்கள் ஏற்பதில்லை, வீட்டின் மதிப்பையும் கணக்கில் எடுப்பதில்லை. வங்கிக் கடிதத்தில் கடந்த 6 மாதச் சராசரி இருப்பும், உங்களுக்கு இருக்கும் கடன்களும் வரும். கடைசி வாரத்தில் திடீரென்று பெரிய தொகை விழுந்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். பெற்றோர் அன்பளிப்பாகத் தந்தால் அதற்குக் கடிதமும் ஆதாரமும் வேண்டும். தேவைப்படும் தொகை குடும்ப எண்ணிக்கையைப் பொறுத்தது, வருடந்தோறும் மாறும்.

கனடா நிறுவனத்தின் ஜாப் ஆஃபர் வாங்கித் தருகிறேன், அதனால் 50 புள்ளி ஏறும் என்று ஒருவர் பெரிய தொகை கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். முதலில், அந்த 50 புள்ளியே இப்போது இல்லை. ஜாப் ஆஃபருக்கான சி.ஆர்.எஸ். புள்ளிகளை 2025 மார்ச் 25-ஆம் தேதி எடுத்துவிட்டார்கள். எடுத்ததற்குக் காரணமே இப்படி விற்கப்பட்ட கடிதங்கள்தான். இல்லாத புள்ளியை உங்களுக்கு விற்கப் பார்க்கிறார் அந்த மனிதர்.

இரண்டாவது, பொய்யான தாள் பிடிபட்டால் கனடாவில் 5 வருடம் விண்ணப்பிக்கத் தடை. ஆஸ்திரேலியாவில் 3 வருடம். தாளைச் செய்து கொடுத்தவர் போனை அணைத்துவிட்டுப் போய்விடுவார், தடை உங்கள் பெயரில் நிற்கும். "எனக்குத் தெரியாது, ஏஜென்ட் வைத்தார்" என்ற பதில் உங்களைக் காப்பாற்றாது. விண்ணப்பத்தில் கையெழுத்து உங்களுடையது.

உதவிக்கு ஆள் வைத்துக்கொள்வதில் தப்பில்லை. கனடாவுக்குப் பணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்ல, ஆலோசகர்களுக்கு உரிமம் தரும் அமைப்பான குடிவரவு ஆலோசகர்கள் கல்லூரியின் உறுப்பினராகவோ அங்கே உரிமம் பெற்ற வக்கீலாகவோ இருக்க வேண்டும். அந்தக் கல்லூரியின் இணையதளத்தில் பெயரைப் போட்டால் உரிமம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஆஸ்திரேலியாவுக்கு, அங்கே குடிவரவு ஏஜென்டுகளைப் பதிவு செய்யும் மாரா அமைப்பின் பதிவேட்டைப் பாருங்கள். யாரை வைத்தாலும், உங்கள் எக்ஸ்பிரஸ் என்ட்ரி புரொஃபைலில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒவ்வொரு வரியாக நீங்கள் படித்துப் பார்த்தபின்தான் அனுப்பச் சொல்ல வேண்டும். புரொஃபைல் போடக் கட்டணம் எதுவும் இல்லை. உங்கள் பட்டத்தின் இ.சி.ஏ-வையும் ஆங்கில மதிப்பெண்ணையும் வைத்துக்கொண்டு இந்த வாரமே நீங்களாகப் போட்டுவிடலாம். அது 12 மாதம் இருக்கும்.